ஊருணிக்கரைப் புன்னையும் பேரன் கொண்டுவந்த கொட்டைகளும்

போன மார்கழியில் மகன் குடும்பத்தோடு இங்கிலாந்திலிருந்து வந்திருந்தபோது, துவைக்கப் போடுவதற்காகப் பேரனின் குளிர்ச்சட்டையை எடுத்து உதறினேன். அதன் உள்பையிலிருந்து ஐந்து கொட்டைகள் திண்ணையில் விழுந்து நாலாபக்கமும் உருண்டன. தூணடியில் போய் நின்ற ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுச் சிறியது. பல தலைமுறை உட்கார்ந்து மெருகேறிய தேக்கு ஊஞ்சல் பலகையின் நிறம். ஒரு பக்கம் மட்டும் அந்த மெருகு இல்லாமல், சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு வட்டத் தழும்பு. தோலில் இலேசாகச் சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது. உள்ளறையிலிருந்து ஓடிவந்த பேரன், “அப்பத்தா, அதத் தூக்கிப் போட்டுறாதீங்க, அது காங்கர்” என்றான்.

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் தாவரவியல் கற்பித்தவள் நான். காங்கர் என்று அவன் சொன்னது ஹார்ஸ் செஸ்நட் மரத்தின் விதை. அந்த மரத்தைப் புத்தகப் படங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் விதையைக் கையில் ஏந்தியது அன்றுதான். திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூரில், பனையும் உடையும் சீமைக்கருவேலும் நிற்கிற மணல்வெளிக்கு நடுவில், அந்தக் குளிர்தேசத்துக் கொட்டை என் உள்ளங்கையில் இருந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. பேரனையும் அருகில் உட்காரவைத்துக்கொண்டு, அவனுக்குத் தெரிந்ததை அவன் சொல்லவும் எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவுமாக அந்தப் பிற்பகல் முழுவதும் கழிந்தது.

அவன் பள்ளிக்குப் போகும் வழியில், ஒரு தேவாலயத்தின் மதிலை ஒட்டி அந்த மரம் நிற்கிறதாம். நம் இலவமரத்தின் இலையைப் போலவே ஒரே காம்பின் நுனியில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் விரித்த கைபோல அமைந்திருக்கும். மே மாதத்தில், மரம் முழுவதும் குத்துவிளக்கு ஏற்றி வைத்ததுபோல வெள்ளைப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும். ஒரு கொத்தில் இருபது முதல் ஐம்பது பூக்கள்வரை இருந்தாலும் காயாவது ஒன்றோ, மிஞ்சினால் ஐந்தோதான். அந்தப் பூவைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அதை நான் வகுப்பில் எத்தனையோ முறை ஆசையோடு சொல்லியிருக்கிறேன். பூ மலர்ந்த புதிதில் இதழின் அடியில் மஞ்சள் புள்ளி இருக்கும். அப்போது தேன் உண்டு. மகரந்தச் சேர்க்கை முடிந்து தேன் சுரப்பது நின்றதும் அந்த மஞ்சள் சிவப்பாக மாறிவிடும். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது என்பதால், அது வீணாக அலையாமல் இன்னும் மஞ்சளாக இருக்கும் பூவுக்கே நேராகப் போகும். எங்கள் வீட்டு வேலியில் நிற்கும் பூவரசும் காலையில் மஞ்சளாகப் பூத்து மாலையில் சிவந்து வாடுவதைப் பேரனுக்குக் காட்டினேன். இரண்டும் வேறு வேறு குடும்பம், காரணங்களும் ஒன்றல்ல. ஆனாலும் நிறம் மாறுகிற பூவை நேரில் பார்த்த பிள்ளைக்கு, காணாத மரத்தின் பூவும் எளிதாக விளங்கிவிடுகிறது.

காயைப் பற்றி அவன் சொன்னபோது, “பச்சையா, முள்ளு முள்ளா இருக்கும், கீழ விழுந்தா மூணாப் பிளந்துக்கும், உள்ள இது பளபளன்னு இருக்கும்” என்று கைகளை விரித்துக் காட்டினான். நான் எழுந்துபோய், பேறுகால மருந்துக்காகப் பக்கத்து வீட்டார் வேலியோரம் விட்டுவைத்திருக்கும் கழற்சிக் கொடியிலிருந்து காய்ந்த நெற்று ஒன்றைக் கவனமாகப் பறித்துவந்தேன். அதுவும் உடம்பெல்லாம் முள். பிளந்தால் உள்ளே பளிங்குபோல வழுவழுப்பான சாம்பல்நிற விதைகள் இரண்டு. கழற்சிக்காயைச் சிமெண்டுத் தரையில் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி, அடுத்தவர் கையில் வைத்து அலறவைப்பது எங்கள் காலத்துப் பள்ளிக்கூட விளையாட்டு. பேரனின் கையிலும் வைத்தேன். அலறினான், உடனே தானும் தேய்க்கத் தொடங்கினான்.

பெயரில் குதிரை வந்த கதையை அவனுக்கு நான் சொன்னேன். துருக்கியர்கள் இருமலும் மூச்சிரைப்பும் கண்ட குதிரைகளுக்கு இந்தக் கொட்டையைக் கொடுத்தார்கள் என்று கான்ஸ்டாண்டினோபிளில் இருந்த ஐரோப்பியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் எழுதி அனுப்பினார்கள். அது ஒரு காரணம். இலை உதிர்ந்தபின் கிளையில் பதிகிற தழும்பு, ஆணித்துளைகளோடு கூடிய குதிரை லாடத்தைப் போலவே இருக்கும் என்பது மற்றொன்று. 1576ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து வியன்னாவுக்கு வந்த கொட்டைகளைக் கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் வளர்த்தார். அங்கிருந்து ஐரோப்பாவின் அரண்மனைத் தோட்டங்களுக்கும் சாலையோரங்களுக்கும் மரம் பரவியது. கிழக்கேயிருந்து வந்தது என்பதால் இந்தியாவிலிருந்து வந்திருக்கும் என்று பலர் எண்ணிவிட்டார்கள். பிரெஞ்சு மொழியில் இன்றுவரை அதன் பெயர் ‘இந்தியச் செஸ்நட்’ என்பதே. உண்மையில் அதன் தாய்வீடு கிரேக்கம், அல்பேனியா, மாசிடோனியா ஆகிய நாடுகளின் மலைப்பள்ளத்தாக்குகள் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐயத்துக்கு இடமின்றித் தெரியவந்தது.

இந்தியாவில் அதற்கு உடன்பிறப்பு இருப்பது உண்மைதான். இமயமலைச் சரிவுகளில் வளரும் அந்த மரத்தை மலைமக்கள் பன்கோர், கனோர் என்று அழைக்கிறார்கள். பஞ்சகாலத்தில் அதன் கொட்டையை இடித்துப் பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பைப் போக்கி மாவாக்கி உண்டிருக்கிறார்கள். ஐரோப்பியக் கொட்டையைத் தின்னக் கூடாது, அது நஞ்சு. கடைகளில் வறுத்து விற்கப்படும் செஸ்நட் முற்றிலும் வேறு குடும்பத்து மரத்தின் கொட்டை. பெயர் ஒன்றாக இருப்பதால் வெளிநாடு போகும் நம் பிள்ளைகள் குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்தக் கசப்புக்கும் நஞ்சுக்கும் பெரும்பகுதி காரணமாக இருப்பது சப்போனின் என்னும் பொருள். நுரைக்கும் தன்மை உடையது. ஒரு கொட்டையை அரிவாள்மனையில் வைத்து இரண்டாக அரிந்தேன். மேல்தோல் தோல்செருப்பைப் போல வளைந்து கொடுத்தது. உள்ளே தந்தநிறத்தில் பருப்பு, நடுவில் காய்ந்து வெடித்த ஒரு விரிசல். பருப்பைத் துருவிக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கியபோது, விரற்கடை உயரத்துக்கு வெள்ளை நுரை எழும்பி வெகுநேரம் அடங்காமல் நின்றது. “சோப்பு!” என்றான் பேரன். பட்டுப்புடவையும் தங்கச்சங்கிலியும் கழுவ நான் வைத்திருக்கும் பூந்திக்கொட்டையை எடுத்துவந்து இன்னொரு புட்டியில் குலுக்கிக் காட்டினேன், அதே நுரை. இந்தக் காங்கரும் பூந்திக்கொட்டையும், கிணற்றடி வேலியில் படர்ந்திருக்கும் முடக்கத்தானும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொன்னேன். முந்தின நாள் காலையில் அவன் தின்ற தோசை முடக்கத்தான் தோசை. தன் பள்ளிக்கூட வழியில் நிற்கும் மரத்துக்கு அப்பத்தா வீட்டு வேலியில் ஒரு சொந்தம் இருக்கிறது என்பதை நம்புவதற்கு அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

காங்கர் விளையாட்டை அவன் விளையாடியே காட்டினான். கொட்டையின் நடுவே துளையிட்டு, கயிற்றில் கோத்து, அடியில் முடிச்சுப் போட வேண்டும். ஒருவர் தம் கயிற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க, மற்றவர் தம்முடையதை வீசி அதன்மேல் அடிக்க வேண்டும். மாறி மாறி அடித்து யாருடைய கொட்டை உடைகிறதோ அவர் தோற்றார். வென்ற கொட்டைக்கு ஒரு எண்ணிக்கை. தோற்ற கொட்டை முன்பு வென்றிருந்தால் அந்தக் கணக்கும் வென்றதோடு சேர்ந்துகொள்ளும். கொட்டையை அடுப்பில் வாட்டியும் வினிகரில் ஊறவைத்தும் கெட்டிப்படுத்துகிற கள்ளத்தனமும் உண்டாம். கேட்கக் கேட்க, என் தம்பிமார் பம்பரத்தில் ஆக்கர் வைத்து அடுத்தவன் பம்பரத்தைப் பிளந்ததும், ஆணியைத் தெருக்கல்லில் இரகசியமாகத் தீட்டியதும் என் நினைவுக்கு வந்தன. இங்கிலாந்தில் இந்த விளையாட்டுக்கு 1965 முதல் ஆண்டுதோறும் உலகப் போட்டியே நடக்கிறது. நார்த்தாம்ப்டன்ஷயரில் ஒரு சிற்றூரில் தொடங்கிய அதில் இன்று வளர்ந்தவர்களும் குழந்தைகளைப் போலவே கயிறு பிடித்து நிற்கிறார்கள்.

பிள்ளைகள் பொறுக்கிய இந்தக் கொட்டை ஒருமுறை போருக்கும் போயிருக்கிறது. முதல் உலகப்போரில் தோட்டாவுக்கும் பீரங்கிக்கும் வேண்டிய கார்டைட் வெடிமருந்தைச் செய்ய அசிட்டோன் தேவைப்பட்டது. மாவுப்பொருளை நுண்ணுயிரியால் நொதிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் முறையைச் சைம் வைஸ்மன் என்ற வேதியியலாளர் கண்டறிந்திருந்தார்; பிற்காலத்தில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர் இவரே. மக்காச்சோளம் ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்த நிலையில், 1917ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் காங்கர் பொறுக்கித் தரும்படி பிரிட்டன் முழுவதும் பள்ளிப்பிள்ளைகள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. குவிந்த கொட்டைகளை ஏற்றிச் செல்ல வண்டிகள் போதாமல் ரயில் நிலையங்களில் கிடந்து அழுகியவை போக, கிங்ஸ் லின் தொழிற்சாலைக்குச் சுமார் 3,000 டன் போய்ச் சேர்ந்தது. அசிட்டோன் எடுப்பதற்குக் காங்கர் ஏற்றதாக அமையவில்லை. சில மாதங்களில் அந்த வேலை கைவிடப்பட்டது. இதைப் பேரனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகள் விளையாட்டாகக் குனிந்து பொறுக்குகிற ஒரு பொருள், அவர்களுக்கே தெரியாமல் பீரங்கிக்குப் போனது என்பதை இன்னும் சில ஆண்டுகள் கழித்து அவனே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மறுநாள் காலையில் அவன் கையில் இரண்டு காங்கரோடும் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடும் வந்து நின்றான். கிணற்றடியில் நட வேண்டும் என்றான். முடியாது என்று சொல்வது எனக்கு எளிதாக இல்லை. உரிய சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் வெளிநாட்டு விதையை நம் மண்ணில் ஊன்றுவது சட்டப்படி தவறு; தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வெறும் காகிதச் சட்டமும் அன்று. விதையோடும் இலையோடும் பூச்சியும் நோயும் வந்துவிடும் என்பதற்கு அந்த மரமே சாட்சி. 1984ஆம் ஆண்டில் மாசிடோனியாவின் ஓஹ்ரிட் ஏரிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு சிறு அந்துப்பூச்சி, புழுப் பருவத்தில் அந்த இலையின் இரண்டு தோல்களுக்கும் நடுவே சுரங்கம் தோண்டித் தின்கிறது. வாகனங்களில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பரவி, 1989இல் ஆஸ்திரியாவை அடைந்து, 2002இல் லண்டனுக்கும் வந்துவிட்டது. உதிரும் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே இலையெல்லாம் பழுப்பேறிவிடுவதால், கொட்டைகள் சிறுத்துப் போகின்றன. 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய மரங்களுக்கான சிவப்புப் பட்டியலில், அழியும் வாய்ப்புள்ள மரமாக அது குறிக்கப்பட்டிருக்கிறது. “ஆமா அப்பத்தா, எங்க மரமும் லீவு முடியறதுக்குள்ளயே காஞ்சிருச்சு” என்றான் பேரன்.

இன்னொரு காரணத்தையும் சொன்னேன். ஊன்றினாலும் அது முளைக்காது. நெல்லையும் கேழ்வரகையும் காயவைத்து மூட்டை கட்டி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து விதைக்கலாம். காங்கரை அப்படி வைக்க முடியாது. ஈரம் வற்றினால் அதன் உயிர் போய்விடும். நான் அரிந்த கொட்டையின் நடுவில் கண்ட விரிசல் அதைத்தான் காட்டியது. ஈரம் வற்றாமல் வைத்திருந்தாலும், மூன்று நான்கு மாதம் பனிக்குளிரில் கிடந்தால்தான் குளிர்காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு அது முளைவிடும். மார்கழி விடியலில்கூடப் போர்வை தேடாத எங்கள் கடற்கரையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? அரிந்த துண்டுகளையும் துருவலையும் அடுப்பில் இட்டேன். மிஞ்சிய நான்கையும் ஊருக்குத் திரும்பும்வரை மூடியுள்ள புட்டியில் போட்டு வைத்தேன். அவன் முகம் வாடியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க என்னால் முடியவில்லை. “வாய்யா, நம்ம ஊர்க் காங்கரப் பொறுக்கிட்டு வரலாம்” என்று அவனை ஊருணிக்கரைக்கு அழைத்துப் போனேன்.

எங்கள் ஊருணியின் கிழக்குக் கரையில் ஒரு புன்னை நிற்கிறது. பின்னை என்று சொல்பவர்களும் உண்டு. என் அப்பாவின் சிறுவயதிலும் இதே பருமனில் நின்றதாக அவர் சொல்வார். அடிமரம் இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாது. பட்டை கருத்து, முதலைத் தோல்போல வெடித்திருக்கும். இலையை வெயிலில் தூக்கிப் பிடித்தால், சீப்பின் பற்களைப்போல நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் நரம்புகள் தெரியும். வேறெந்த மரத்தையும் புன்னை என்று தவறாக எண்ணிவிட முடியாதபடி அந்த நரம்பே அடையாளம். கடலிலிருந்து வரும் உப்புக்காற்று மற்ற மரங்களின் தளிரைக் கருக்கிவிடும் இடத்தில், இது மட்டும் எண்ணெய் தடவியதுபோல மினுங்கிக்கொண்டு நிற்கும். பூ மல்லிகையைவிடச் சற்றுப் பெரிதாக, வெள்ளை இதழ்களின் நடுவே பொன்னிறக் கேசரக் கற்றையோடு இருக்கும். அதன் மணம் காற்று திரும்பும் திசையில் வீடுவீடாக நுழையும்.

பூவாவதற்கு முன் அரும்பு உருண்டையாக, வெண்மையாக இருக்கும். திருப்புல்லாணியைப் பாடிய திருமங்கையாழ்வார், புன்னை முத்தம் பொழில் சூழ்ந்து அழகாய ஊர் என்று அதைச் சொல்கிறார். முத்துக் குளித்த மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊரில் நின்றுகொண்டு, மரத்தின் அரும்பை முத்து என்று சொன்ன அந்தப் பார்வையை நான் பல ஆண்டுகள் பாசுரமாக மட்டுமே ஓதிவந்தேன். ஒருநாள் காலையில், இந்த ஊருணி மரத்தின் அரும்புகள் பனித்துளியோடு நிற்பதைப் பார்த்தபோதுதான், கண்டதைக் கண்டபடியே அவர் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

மரத்தடியில் கொட்டைகள் சிதறிக் கிடந்தன. புன்னைக்காய் முதலில் பச்சைக் கோலிக்குண்டுபோல இருந்து, பழுக்கும்போது மஞ்சளாகி, விழுந்தபின் தோல் சுருங்கிப் பழுப்பாகும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து மேலே உள்ள மெல்லிய சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடுகின்றன. அப்படிச் சப்பிப் போட்ட கொட்டைதான் விளையாட்டுக்கு முதல் தரம். தேய்த்துக் கழுவும் வேலை மிச்சம். நான் ஒன்றை எடுத்து, ஊருணிப் படிக்கல்லில் அதன் ஒரு பக்கத்தை வைத்துத் தேய்த்தேன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கை மறக்கவில்லை. ஓடு தேய்ந்து மிளகளவு துளை விழுந்ததும், ஈர்க்குச்சியால் உள்ளே இருக்கும் மஞ்சள் பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நோண்டி எடுத்தேன். பருப்பு விரலெல்லாம் எண்ணெய்யாக ஒட்டியது. உள்ளே ஊதித் தூசியை வெளியேற்றிவிட்டு, துளையின் விளிம்பைக் கீழுதட்டில் பொருத்தி ஊதினேன். முதல்முறை காற்று மட்டும் வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சீழ்க்கை எழும்பி ஊருணியின் அக்கரைவரை கேட்டது. அக்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அரைமணி நேரத்தில் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து படியில் வரிசையாக உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த மரத்தின் பெயர் தெரிந்திருக்கவில்லை.

அது எனக்கு உண்மையாகவே வலித்தது. பிறந்ததிலிருந்து அந்த மரத்தைக் கடந்துதான் அவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள். என் அம்மாவின் காலத்தில் புன்னைக்கொட்டை ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டிய பொருளாக இருந்தது. நாங்கள் பொறுக்கிவந்து கூரையில் காயப்போடுவோம். உடைத்துப் பருப்பெடுத்துச் செக்கில் கொடுத்தால் கரும்பச்சை நிறத்தில் எண்ணெய் வரும். காய்ந்த பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். மின்சாரம் வராத வீடுகளில் அதுவே விளக்குக்கு. புகை சற்று அதிகம், ஆனால் காசில்லாத வெளிச்சம். மூட்டுவலிக்கு அம்மா அதைச் சூடுபடுத்தித் தேய்ப்பாள். இங்கிலாந்துக் கிராமங்களில் காங்கரைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் மூட்டுவாதம் வராது என்று முதியவர்கள் நம்பியதாகப் படித்தபோது, அம்மாவின் எண்ணெய் வாசனை நினைவுக்கு வந்தது. இரண்டு கொட்டையும் உண்ணத் தகாதவை. உணவாகாத ஒன்றை மனிதர் இத்தனை ஆண்டுகள் பொறுக்கிச் சேர்த்ததற்கு விளக்கும் மருந்தும் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. முதலில் அதைக் குனிந்து எடுத்தது ஒரு குழந்தையாகத்தான் இருந்திருக்கும்.

நற்றிணையின் 172ஆம் பாட்டை நான் இதற்குத்தான் சான்றாகச் சொல்வேன். தோழியரோடு விளையாடியபோது வெண்மணலில் புன்னை விதை ஒன்றை அழுத்தி வைத்துவிட்டு மறந்துபோனார்கள், அது முளைத்தது, நெய் கலந்த பாலை ஊற்றி வளர்த்தார்கள், அது உங்களைவிடச் சிறந்தது, உங்கள் தங்கை என்று அன்னை சொன்னாள், அதனால் அந்த மரத்தின் நிழலில் நின்று உம்மோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று தலைவனிடம் சொல்லப்படுகிறது. காதலுக்கான குறிப்பாகவே இந்தப் பாட்டை விளக்குவது வழக்கம். எனக்கு அதில் முதலில் தெரிவது மரம் வளர்த்த முறை. யாரும் குழி தோண்டித் திட்டமிட்டு நடவில்லை. விளையாடிய கை அழுத்தியது, மறந்தது, விதை தானே முளைத்தது. முளைத்ததைக் கண்ட பின்புதான் பாசம் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பினர் எங்கள் கடற்கரைச் சாலையில் வரிசையாகக் கன்றுகளை நட்டு, மூங்கில் கூண்டு வைத்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த பங்குனியில் கூண்டுகள் மட்டும் நின்றன. ஊர்ப்பிள்ளைகள் அந்தக் கூண்டுகளைப் பிடுங்கி ஆட்டுக்குட்டிக்குக் கொட்டில் கட்டினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கன்று எந்த மரம், அதன் விதை எப்படி இருக்கும் என்று அவர்கள் தொட்டுப் பார்த்ததே இல்லை. இங்கிலாந்தில் அந்துப்பூச்சி அரித்துக்கொண்டிருக்கும் ஒரு மரத்துக்காக இன்று இத்தனை பேர் கவலைப்படுகிறார்கள் என்றால், அவர்களில் பெரும்பாலோர் ஒன்பது வயதில் அதன் கொட்டையைக் கயிற்றில் கட்டி அடித்தவர்கள். ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் பிராங்க் பரண் சன்னல் வழியே பார்த்து நாட்குறிப்பில் எழுதிய மரமும் ஹார்ஸ் செஸ்நட்தான். 2010 ஆகஸ்ட் மாதக் காற்றில் அது முறிந்து விழுவதற்கு முன்பே, அதன் கொட்டைகளைப் பொறுக்கிக் கன்றாக்கிப் பல நாடுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். மரம் நோயுற்றபோது கொட்டையைத் தேடி வந்த கைகள் அங்கே இருந்தன.

அன்று பொறுக்கிவந்ததில் பன்னிரண்டு கொட்டைகளைத் தேர்ந்தெடுத்தோம். முளைப்பதைப் பேரனுக்கு ஒரு பாடமாகவே வைத்தேன். நான்கை அப்படியே முழு ஓட்டோடும், நான்கை அம்மிக்குழவியால் இலேசாகத் தட்டி ஓட்டில் விரிசல் விழவைத்தும், நான்கை ஓட்டை முழுவதும் நீக்கிப் பருப்பை மட்டும் எடுத்தும், ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்த பைகளில் ஊன்றினோம். ஓட்டை நீக்கும்போது உள்ளே தக்கைபோல மெத்தென்ற ஓர் உறை இருப்பதை அவன் கவனித்துக் கேட்டான். அந்தத் தக்கைதான் புன்னைக்கொட்டையைக் கடலில் மிதக்கவைத்துத் தீவுக்குத் தீவு கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள்வரை இந்த மரம் நிற்பதற்கு அலையே வழி. காங்கருக்கு முளைக்கக் குளிர் வேண்டும். புன்னைக்கு ஊர்விட்டு ஊர் போகக் கடல் வேண்டும் என்றேன். பையின் மேல் அவன் ஒன்று முதல் பன்னிரண்டுவரை எண் எழுதி, அன்றைய தேதியையும் எழுதினான்.

முளைப்பதைப் பார்க்க அவன் இங்கே இல்லை. விடுமுறை முடிந்து, மூடிப்போட்ட புட்டியோடு கிளம்பிவிட்டான். ஓடு நீக்கியவற்றில் முதல் முளை இருபத்துநான்காம் நாளில் மண்ணைப் பிளந்தது; நான்கில் மூன்று வந்தன, ஒன்றை எறும்பு அரித்துவிட்டது. விரிசல் விழுந்தவை மாசி பிறப்பதற்குச் சற்று முன்னதாக முளைத்தன. முழு ஓட்டோடு போட்டவை இரண்டு மாதம் வாய்திறக்காமல் கிடந்தன, பேரன் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், “செத்துருச்சா அப்பத்தா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். பொறு என்பதைத் தவிர நான் வேறெதுவும் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டாம் நாள் காலையில் ஒன்பதாம் எண் பையில் ஓடு இரண்டாகப் பிளந்து, சிவந்த தண்டு ஒன்று கழுத்தை வளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். அங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

இப்போது புரட்டாசி. பத்துக் கன்றுகள் வேப்பமர நிழலில் நிற்கின்றன. புன்னை மெதுவாக வளர்வதால் ஒன்றும் இன்னும் முழங்காலைத் தொடவில்லை. ஊருணிப் படியில் சீழ்க்கை தேய்த்த பிள்ளைகளில் ஆறு பேர் ஆளுக்கு ஒரு கன்று கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒரு சிறுமி யாரும் சொல்லாமலே தன் வீட்டு வாசலில் மூன்று கொட்டைகளை மணலில் புதைத்து வைத்திருந்து, ஒன்று முளைத்ததும் வந்து என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து மண் ஒரு முழம் நனைந்ததும், ஊருணியின் மேற்குக் கரையில் மற்றவற்றை நடுவதாக இருக்கிறோம். நேற்று மாலை பேரன் கூப்பிட்டான். அவன் மரத்தில் முள்காய்கள் விழத் தொடங்கிவிட்டனவாம், இந்த ஆண்டு கொட்டை சிறியதாக இருக்கிறதாம். பிறகு ஒன்பதாம் எண் கன்றில் எத்தனை இலை என்று கேட்டான். கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய் எண்ணிவிட்டு வந்து சொன்னேன்: விரிந்தவை எட்டு, நுனியில் இன்னும் பிரியாத இணை ஒன்று.